வீட்டுக்கு ஒரு சின்ன கம்ப்ரசர்: வேலைக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கம்ப்ரசர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் இரண்டு எண்களைத்தான் காட்டுவார்கள்: எத்தனை ஹெச்பி, எத்தனை பார். வீட்டுக்கு வாங்குகிறவர் இந்த இரண்டையும் கடைசியில் பார்த்தால் போதும்.

டேங்க் வைத்த சின்ன கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 8 பார் வரை காற்றை ஏற்றும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஆக 8 பார் என்றால் 116 பிஎஸ்ஐ. கார் டயருக்கு வேண்டியதோ 30 முதல் 35 பிஎஸ்ஐதான். ஆணி அடிக்கும் கன்னுக்குக்கூட 70 முதல் 100 பிஎஸ்ஐ போதும். அழுத்தம் அநேகமாக யாருக்கும் குறைவதில்லை. குறைவது காற்றின் அளவுதான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியே வருகிறது என்பதுதான், வாங்கிய மெஷின் வேலைக்கு ஆகுமா, மூலையில் கிடக்குமா என்பதை முடிவு செய்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான்.

முதலில் வேலைப் பட்டியல்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் உங்கள் வீட்டில் கம்ப்ரசர் செய்யப்போகிற வேலைகளை எழுதுங்கள். "ஒரு நாள் உதவும்" என்கிற வேலைகளைச் சேர்க்க வேண்டாம். மாதம் ஒரு முறையாவது நடக்கும் வேலைகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ வேண்டிய காற்று இது:

- சைக்கிள், பைக், கார் டயருக்குக் காற்றடிக்க: நிமிடத்துக்கு 15 முதல் 35 லிட்டர்.
- கொலு பொம்மை, மாடல், சிறு கைவினைப் பொருட்களுக்கு ஏர்பிரஷ்ஷில் வண்ணம் அடிக்க: 10 முதல் 25 லிட்டர், 15 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில்.
- மெல்லிய ஆணி அடிக்கும் கன்: 10 முதல் 30 லிட்டர். ஒவ்வோர் ஆணிக்கும் கொஞ்சம் காற்றுதான் செலவாகும்.
- கம்ப்யூட்டர், தையல் மெஷின், ஏசி ஃபில்டர், ஜன்னல் கொசுவலை ஆகியவற்றில் தூசி ஊத: ஏர் கன்னை முழுதாக அழுத்தினால் 150 முதல் 250 லிட்டர். விட்டுவிட்டு ஊதினால் சராசரி வெகுவாகக் குறையும்.
- கேட், கிரில், மரச்சாமான்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட்: சாதாரண கன்னுக்கு 110 முதல் 230 லிட்டர். ஹெச்விஎல்பி எனப்படும் குறை அழுத்த கன்னுக்கு 280 லிட்டரும் அதற்கு மேலும்.
- காற்றில் ஓடும் சாண்டர், கிரைண்டர்: 170 முதல் 280 லிட்டர், நிறுத்தாமல்.

இந்தியாவில் விற்கும் மெஷின்களில் சில சிஎஃப்எம் என்று குறித்திருக்கும். ஒரு சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் கடைசி இரண்டு வேலைகளுக்கும் மேலுள்ளவற்றுக்கும் இடையே பெரிய பள்ளம் இருப்பதைக் கவனியுங்கள். வீட்டு பிளக்கில் சொருகி ஓட்டும் 1 ஹெச்பி கம்ப்ரசர் உண்மையில் தருவது நிமிடத்துக்கு 60 முதல் 80 லிட்டர். டயர், ஏர்பிரஷ், ஆணி, விட்டுவிட்டுத் தூசி ஊதுவது எல்லாம் அதில் தாராளமாக நடக்கும். ஒரு கதவை முழுதாக ஸ்ப்ரே செய்வது நடக்காது; பாதியில் அழுத்தம் இறங்கி, பெயிண்ட் பொடியாகப் பறக்காமல் துளித்துளியாகத் தெறிக்கும். வருடத்துக்கு ஒரு முறை கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் அதற்காகப் பெரிய கம்ப்ரசர் வாங்காதீர்கள். அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள், அல்லது டர்பைன் வைத்த எலக்ட்ரிக் ஸ்ப்ரேயர் வாங்குங்கள். அதற்கு கம்ப்ரசரே வேண்டாம்.

டயர் மட்டும்தான் என்றால்

பட்டியலில் டயர் தவிர வேறெதுவும் இல்லையென்றால் டேங்க் வைத்த மெஷினே தேவையில்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சின்ன கார் டயருக்குள் ஏறத்தாழ 35 லிட்டர் இடம் இருக்கிறது. 25 பிஎஸ்ஐக்கு இறங்கிய டயரை 33க்கு ஏற்ற வேண்டும். கூட்ட வேண்டியது 8 பிஎஸ்ஐ, அதாவது 0.55 பார். 35ஐ 0.55ஆல் பெருக்கினால் சுமார் 19 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். நான்கு டயருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். முழுக்கக் காற்றிறங்கிய டயருக்கு 80 லிட்டர் வேண்டும், நான்கைந்து நிமிடம் ஆகும். பைக் டயர் இதைவிடச் சிறியது.

இந்த வகை இன்ஃப்ளேட்டரை வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது ஆம்பியர். கார் சாக்கெட்டின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று காரின் புத்தகத்தில் போட்டிருக்கும். இன்ஃப்ளேட்டர் இழுப்பது அதற்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம் என்ற குறிப்பு. பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடமாவது ஆறவிட வேண்டிய மெஷின்களே அதிகம். மூன்றாவது, வேண்டிய அழுத்தத்தை வைத்தால் தானே நிற்கும் வசதி. உள்ளேயே பேட்டரி வைத்த வகை பைக்குக்கு நல்லது. ஆனால் அதில் இருப்பது லித்தியம் பேட்டரி. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

நம்மூர் சாதாரண சைக்கிள்களில் இருப்பது ரப்பர் வால் டியூப் போட்ட வால்வு. அதில் கேஜ் காட்டும் எண் டியூபுக்குள் இருக்கும் அழுத்தமாக இராது. ரப்பரைத் தள்ளித் திறக்கும் அழுத்தமும் அதில் சேர்ந்திருக்கும். கையால் அமுக்கிப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சைக்கிள் டியூபுக்குள் இடம் மிகக் குறைவு. டேங்க் கம்ப்ரசரை நேராக வைத்தால் சில விநாடிகளில் டியூப் வெடித்துவிடும். ரெகுலேட்டரை 40 பிஎஸ்ஐக்குக் குறைத்துவிட்டு அடியுங்கள்.

டேங்க் எவ்வளவு?

டேங்க் பெரிதாக இருந்தால் கம்ப்ரசர் சக்தி வாய்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியைப் பெரிதாகக் கட்டியதால் போர்வெல் மோட்டார் கூடுதலாகத் தண்ணீர் இறைக்காது. கொஞ்ச நேரம் குழாய் நன்றாகக் கொட்டும். தீர்ந்த பிறகு மோட்டார் தருவதுதான் கிடைக்கும். நிரம்பவும் அதிக நேரம் ஆகும்.

24 லிட்டர் டேங்க்கில் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்வரை நமக்குக் கிடைப்பது 24 × 5 = 120 லிட்டர் காற்று. ஏர் கன்னை விடாமல் அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். காலி டேங்க்கை 8 பாருக்கு நிரப்ப 192 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும் மெஷின் அதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும். அதே மெஷினில் 50 லிட்டர் டேங்க் இருந்தால் ஏறத்தாழ ஏழு நிமிடம்.

வீட்டுக்கு 24 அல்லது 25 லிட்டர் பொருத்தமானது. ஏர்பிரஷ்ஷுக்கு மட்டும் என்றால் 3 லிட்டர் டேங்க் போதும். அதுவும் காற்று அதிராமல் சீராக வருவதற்குத்தான். 50 லிட்டர், கொஞ்ச நேரம் அதிகக் காற்று வேண்டியவர்களுக்கு. ஆனால் எடை கூடும், மாடிப்படி ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

லேபிளில் எதை நம்புவது?

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் டிஸ்ப்ளேஸ்மெண்ட். பிஸ்டனின் அளவையும் சுற்றையும் பெருக்கி வந்த எண் அது. வெளியே உண்மையில் வரும் காற்றுக்கு எஃப்ஏடி என்று பெயர். சின்ன பிஸ்டன் கம்ப்ரசர்களில் எஃப்ஏடி, டிஸ்ப்ளேஸ்மெண்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். டேங்க்கில் அழுத்தம் ஏற ஏற அதுவும் குறையும். எஃப்ஏடி எத்தனை, அது எந்த அழுத்தத்தில் அளந்தது என்று கேளுங்கள்.

ஹெச்பியையும் சரிபார்க்கலாம். ஒரு ஹெச்பி 746 வாட். மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் ஏறத்தாழ 1 ஹெச்பி. 6 ஆம்பியர் பிளக் போட்ட மெஷின் 1,380 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. ஆனால் 2.5 ஹெச்பி என்றால் 1,865 வாட் வேண்டும். சின்ன பிளக்கும் பெரிய ஹெச்பியும் ஒரே மெஷினில் இருந்தால் அந்த ஹெச்பியை நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது நீங்களே அளப்பது. கடையில் மெஷினை ஓட்டச் சொல்லுங்கள். கேஜ் முள் 4 பாரைத் தொட்டதும் செல்போனில் ஸ்டாப்வாட்சை ஆரம்பியுங்கள். 6 பாரைத் தொட்டதும் நிறுத்துங்கள். டேங்க்கின் லிட்டரை 2ஆல் பெருக்கி, ஆன நிமிடத்தால் வகுங்கள். 24 லிட்டர் டேங்க்குக்கு 48 விநாடி ஆனால் 48ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 லிட்டர். சூட்டில் காற்று விரிவதால் உண்மை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கடையில் இரண்டு மெஷின்களை ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை. இந்த எண்ணை உங்கள் வேலைப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். தொடர்ந்து காற்று வேண்டிய வேலை ஏதாவது பட்டியலில் இருந்தால், அதன் தேவையைப்போல மெஷின் இரண்டு மடங்கு தர வேண்டும். சின்ன மெஷின்கள் பலவற்றை மொத்த நேரத்தில் பாதிதான் ஓட்டலாம்; மீதிப் பாதி ஆற வேண்டும்.

ஆயிலா, ஆயில் இல்லாததா?

ஆயில் ஊற்றும் வகை நீண்ட நாள் உழைக்கும், தொடர்ந்த ஓட்டத்தையும் தாங்கும். ஆனால் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும், சமதரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். காற்றோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் வரும்; வண்ணம் அடிப்பவர்களுக்கு அது தொல்லை. பைக்குக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது. கம்ப்ரசர் ஆயில் என்றே தனியாகக் கிடைக்கிறது.

ஆயில் இல்லாத வகையில் பிஸ்டன் ரிங் டெஃப்லானால் ஆனது. எடை குறைவு, பராமரிப்பு குறைவு, காற்று சுத்தம். ரிங் தேய்ந்தால் மாற்ற வேண்டும். எப்போதாவது எடுத்துப் பயன்படுத்தும் வீட்டுக்கு இதுவே ஏற்றது.

சத்தத்தில்தான் இந்த வகைக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது. நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றும் மோட்டாரில் நேராக மாட்டியவை 80 டெசிபலைத் தாண்டி அலறும். 1,400 சுற்று மோட்டார் போட்டவை 60 முதல் 70 டெசிபலில் அடங்கும். டெசிபல் பத்து கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்துள்ள வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது குறைந்த சுற்று மோட்டாரை வாங்குங்கள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும், வயதானவர்கள் இருப்பார்கள். சத்தத்துக்குப் பயந்து நீங்களே எடுக்காமல் விடும் மெஷினால் பயனில்லை.

கரண்ட்

மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 1 ஹெச்பிக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டே பாதுகாப்பு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்தால் வோல்டேஜ் விழும். மோட்டார் முனகி நின்று காயில் கருகும். தூரம் வேண்டுமானால் ஒயரை நீட்டாமல் காற்று ஹோஸை நீட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட முடியாது. மாலையில் வோல்டேஜ் குறையும் ஊர்களில் காலையிலோ பகலிலோ வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க்குக்குள் சேரும் தண்ணீர்

நம் கடலோர ஊர்களில் இதுதான் கம்ப்ரசரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 24 லிட்டர் டேங்க்கை 8 பாருக்கு நிரப்பும்போது, ஏற்கெனவே உள்ளே இருந்த 24 லிட்டரையும் சேர்த்து 216 லிட்டர் காற்று உள்ளே நெருக்கப்படுகிறது. அதோடு ஐந்து கிராம் நீராவியும் உள்ளே போகிறது. டேங்க் ஆறியதும் ஒரு கிராமுக்கும் குறைவானதே ஆவியாக இருக்க முடியும். மீதி, ஏறத்தாழ ஒரு டீஸ்பூன், தண்ணீராக அடியில் தேங்கும். ஒரு முறை நிரப்புவதற்கே இவ்வளவு.

இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிப்பது வெளியே தெரியாது. வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் அடியில் உள்ள ட்ரெயின் வால்வைத் திறந்து தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றுங்கள். வாங்கும்போதே அந்த வால்வு கைக்கு எட்டுகிறதா, விரலால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் தேடவேண்டிய இடத்தில் இருந்தால் நாளடைவில் யாரும் திறக்க மாட்டார்கள். அலுமினியம் டேங்க் கிடைத்தால் கடலோர வீட்டுக்கு நல்லது. ஏர்பிரஷ்ஷும் கம்ப்யூட்டர் சுத்தமும் பட்டியலில் இருந்தால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் அவசியம்.

துருவேறிக் கசியும் டேங்க்கை வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள். டேங்க்கை மாற்றுங்கள். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரோடு பழைய கேஸ் சிலிண்டரை இணைத்துச் செய்த மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உயிருக்குப் பாதுகாப்பு

கம்ப்ரசர் காற்றை யார் உடம்பிலும் காட்டக் கூடாது. சட்டைத் தூசியைத் தட்டவும் கூடாது. விளையாட்டாக உடலுக்குள் காற்றைச் செலுத்தி உயிர் போன செய்திகள் நம் நாட்டில் வந்திருக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, டேங்க்கைக் காலி செய்துவிட்டு நகருங்கள்.

தூசி ஊதும்போது கண்ணாடி போடுங்கள், ரெகுலேட்டரைக் குறைத்து வையுங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் சுத்தம் செய்யும் காற்றுக்கு 30 பிஎஸ்ஐக்குக் கீழ் என்று வரம்பு வைத்திருக்கின்றன; வீட்டுக்கும் அது நல்ல அளவு. கம்ப்யூட்டர் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். நெபுலைசருக்கு அதற்கென்று உள்ள கருவியை மட்டுமே பயன்படுத்துங்கள். கம்ப்ரசர் காற்று சுவாசிக்க ஏற்றது அல்ல.

பணம் கொடுக்குமுன்

- சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். காற்று சீறி வந்து, விட்டதும் அடைய வேண்டும்.
- முழு அழுத்தம் ஏறியதும் மோட்டார் தானே நிற்க வேண்டும். நின்ற கணத்தில் ஒரு சீறல் கேட்கும். மோட்டார் அடுத்த முறை எளிதாகக் கிளம்பக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றும் சத்தம் அது.
- கால் மணி நேரம் விட்டுவிட்டுக் கேஜைப் பாருங்கள். ஆறும்போது முள் சற்று இறங்குவது இயல்பு. தொடர்ந்து இறங்கினால் கசிவு. சோப்பு நுரை தடவினால் இடம் தெரியும்.
- ரெகுலேட்டரும் இரண்டு கேஜும் இருக்கின்றனவா? ஒன்று டேங்க்குக்கு, மற்றது வெளியே வரும் காற்றுக்கு.
- பிரஷர் சுவிட்ச், பிஸ்டன் ரிங், வால்வு பிளேட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். 1960இல் தொடங்கிய எல்ஜி நிறுவனம் முதல் பல சிறு தயாரிப்பாளர்கள்வரை கோயம்புத்தூரில் கம்ப்ரசர் தொழில் வேரூன்றியிருப்பதால், தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கும் மாடல்களுக்கு உதிரிபாகமும் மெக்கானிக்கும் கிடைப்பது எளிது. பெயர் தெரியாத மாடலில் ஒரு சின்ன வால்வு போனால் மெஷினே போய்விடும்.

யாருக்கு எது?

ஒரு பைக்கும் ஒரு காரும் உள்ள வீட்டுக்கு 12 வோல்ட் இன்ஃப்ளேட்டரும், சரிபார்க்கத் தனியாக ஒரு டயர் கேஜும் போதும். பொம்மைக்கும் மாடலுக்கும் வண்ணம் அடிப்பவர் 3 லிட்டர் டேங்க் வைத்த ஏர்பிரஷ் கம்ப்ரசரை வாங்கலாம். டயர், தூசி, ஆணி எல்லாம் சேர்ந்த வீட்டுக்கு ஆயில் இல்லாத, 1,400 சுற்றில் ஓடும், 24 லிட்டர் டேங்க் வைத்த 1 ஹெச்பி மெஷின். வாரந்தோறும் ஸ்ப்ரே செய்கிற, சொந்தமாகப் பட்டறை வைக்க நினைக்கிறவருக்கு ஆயில் வகையில் 2 ஹெச்பிக்குக் குறையாதது. அதை வாங்குமுன் வீட்டு வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே விலைக்கு இரண்டு மெஷின்கள் முன்னால் இருந்து, ஒன்றில் டேங்க் பெரிதாகவும் மற்றதில் நிமிடக் காற்று அதிகமாகவும் இருந்தால், காற்று அதிகமுள்ளதையே எடுங்கள். டேங்க் போதாவிட்டால் பின்னால் இன்னொன்றை வாங்கி ஹோஸால் இணைத்துக்கொள்ளலாம். காற்று போதாவிட்டால் மெஷினையே மாற்ற வேண்டியிருக்கும்.